அக்கறை இல்லாதவர்கள் யார்?



இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்து, பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைகள் லயங்களுக்கு வந்துவிட்டன. பாடத்துக்கு ஒரு புள்ளி, வகுப்பில் எத்தனையாம் இடம், வரவு எத்தனை நாள், கீழே வகுப்பாசிரியரின் ஒரு வரி: "கூடிய கவனம் தேவை." பெற்றோர் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அத்தோடு அரையாண்டுக் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள்.

முடியவில்லை என்கிறோம் நாம். கணக்கு இப்போதுதான் தொடங்குகிறது. ஆண்டு இறுதியில் வரும் அறிக்கையை வைத்துக்கொண்டு அழத்தான் முடியும். அரையாண்டில் வரும் அறிக்கையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம், மாற்றலாம். அதற்கு இன்னும் ஒரு தவணை மிச்சம் இருக்கிறது.

ஆனால் கேள்வி கேட்கப் போனால் எமக்குக் கிடைக்கும் பதில் என்ன? "தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை." பல வருடங்களாக அதிபர்களும் அதிகாரிகளும் மேடைகளில் பேசுவோரும் சொல்லிச் சொல்லி, இது எங்களில் சிலருக்கே உண்மைபோலத் தெரியத் தொடங்கிவிட்டது.

பெற்றோர் கூட்டம் எப்போது வைக்கிறீர்கள்? வேலை நாளில், காலை 10 மணிக்கு. அந்த நேரத்தில் எமது தாய் எங்கே நிற்கிறாள்? மலையில், கூடையோடு. கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர் போய்விடும். அரைநாள் அனுமதி கேட்டால் அரைப்பேர். காலையில் பிரட்டுக்குப் போகாதவளுக்குப் பகலில் மலையில் இடமில்லை என்று சொல்லும் தோட்டங்களும் உண்டு. ஒரு நாட் சம்பளத்தை இழந்து வந்த தாய்க்கு அங்கே என்ன கிடைக்கிறது? இரண்டு மணி நேரப் பேச்சு, வசதிக் கட்டணம் பற்றிய அறிவித்தல், "பிள்ளையைக் கவனியுங்கள்" என்ற புத்திமதி. பிள்ளை எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்ல யாரும் இல்லை. கூட்டத்தை நாம் வரமுடியாத நேரத்தில் வைத்துவிட்டு, வரவில்லை என்று எங்கள்மேல் பழி போடுவது எந்த நியாயம்?

இந்தப் பழிக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இந்நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. நாட்டின் பிள்ளைகள் மகா வித்தியாலயங்களுக்கும் மத்திய கல்லூரிகளுக்கும் நடந்தபோது, எமது பிள்ளைகளின் பாடசாலை தோட்ட நிருவாகத்தின் கையில் ஒரு மடுவமாகவே இருந்தது. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1948 இல் குடியுரிமையும் பறிபோனது. 1970களில்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. மற்றவர்களுக்கு மூன்று தசாப்தம் பிந்தி எமக்குக் கதவு திறந்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாததும், அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றதும் அக்கறைக் குறைவால் அல்ல. அவர்கள் படிக்கப் பாடசாலை இருக்கவில்லை. அப்படியிருந்தும் காதுத் தோட்டை அடகு வைத்துப் பிள்ளைக்குச் சப்பாத்தும் டியூஷன் காசும் கொடுக்கும் சமூகம் இது. இதை அக்கறை இல்லாத சமூகம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

சரி, அறிக்கைக்கு வருவோம். அதை எப்படி வாசிப்பது என்று எமது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும். 75 க்கு மேல் என்றால் ஏ, 65 க்கு மேல் பி, 50 க்கு மேல் சி, 35 க்கு மேல் எஸ், அதற்குக் கீழே சித்தியில்லை. உயர்தரத்துக்குப் போகச் சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் மூன்று பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் வேண்டும். ஆகவே தரம் 10 பிள்ளை கணிதத்தில் 28 எடுத்திருந்தால் தலையில் கைவைக்க வேண்டாம். 35 க்கு இன்னும் ஏழு புள்ளி. ஒரு நல்ல ஆசிரியர் ஒழுங்காகப் பாடம் எடுத்தால் எட்டக்கூடிய தூரம் அது.

அந்த ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான் அறிக்கையில் இல்லாத முதல் கேள்வி. இந்த இரண்டு தவணைகளிலும் கணிதப் பாடவேளைகள் எத்தனை நடந்தன, எத்தனை வெறுமனே போயின? விஞ்ஞானத்துக்கு அந்தப் பாடம் படித்த ஆசிரியர் உண்டா, இல்லாவிட்டால் யாரை வைத்து நிரப்புகிறார்கள்? ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் எத்தனை மாதம்? பாடமே நடக்காத பாடத்தில் பிள்ளைக்கு 18 புள்ளி போட்டு, "கூடிய கவனம் தேவை" என்று எழுதி அனுப்பினால் அந்தப் புள்ளி யாருக்கு உரியது? எங்கள் கருத்தில் அது வலயக் கல்வி அலுவலகத்துக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் உரிய புள்ளி.

இதன் விளைவு பெரியது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பங்கு மாவட்ட அடிப்படையில் பகிரப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் அதற்கென ஒரு மேலதிக ஒதுக்கீடும் உண்டு. ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் நடத்துவது 1 ஏபி தரப் பாடசாலைகள் மட்டுமே. மலையகத்தில் அத்தகைய தமிழ்ப் பாடசாலைகள் மிகச் சில. எமது பாடசாலைகளில் பெரும்பாலானவை தரம் 11 உடனோ அதற்கு முன்னரோ நின்றுவிடுகின்றன. மாவட்டத்தின் பின்தங்கிய நிலைக்கு எங்கள் லயங்களைக் கணக்குக் காட்டுகிறார்கள். அதனால் வரும் மருத்துவ, பொறியியல் இடங்களுக்கு எமது பிள்ளைகளால் விண்ணப்பிக்கவே முடிவதில்லை.

இரண்டாவது கேள்வி, பிள்ளை எப்படி இருக்கிறது என்பது. புள்ளிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, பசிக்கு ஒரு கட்டமும் இல்லை. பாடசாலைப் பகலுணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது. தரம் 6 க்கு வந்தவுடன் பிள்ளைக்குப் பசி நின்றுவிடுமா? மேட்டு லயத்திலிருந்து நாலைந்து கிலோமீற்றர் மழையில் நடந்து, ஈர உடுப்போடு இரண்டு மணிவரை இருக்கும் பிள்ளை எதைப் படிக்கும்? மலசலகூடத்தில் தண்ணீர் இல்லாத பாடசாலைக்குப் பெரிய பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல் விட்டால், அதை "வரவு குறைவு" என்று எழுதுவது வெட்கக்கேடு. பாடசாலை மூலம் உயர்தரப் பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் பிள்ளையிடம் காட்டுமுன் தண்ணீர்க் குழாயைத் திருத்துங்கள்.

பயமும் உண்டு. பிள்ளைகளை அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடுத்திருக்கிறது. "நல்லா அடிங்க சேர்" என்று சொல்லும் பெற்றோரே, அடியால் கணிதம் வராது, பாடசாலைமேல் வெறுப்புத்தான் வரும். தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில், பாட்டியோடு வளரும் பிள்ளைகள் எமது லயங்களில் எத்தனை பேர்! அந்தப் பிள்ளை திடீரென்று பேசாமல் போனால், சாப்பிடாமல் விட்டால், அதை அறிந்து பேச ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மனக்கஷ்டத்துக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர்களுக்கு நேரும் கொடுமைகளை அறிவிக்க 1929. இந்த இரண்டு இலக்கங்களையும் காம்பிராச் சுவரில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, சாதனை. பாடசாலை வாசலில் பதாகை கட்டுகிறார்கள். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படம், தமிழ்த்தினப் போட்டியில் வென்ற பிள்ளையின் படம். எமக்கும் அது பெருமைதான். ஆனால் அந்தப் பதாகைக்குக் கீழே நின்று ஒன்று கேட்போம். இந்தப் பிள்ளைகளோடு தரம் 6 இல் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? பரீட்சை எழுதியவர்கள் எத்தனை பேர்? இடையில் காணாமற் போனவர்கள் எங்கே? கொழும்பில் கடையிலா, யாருடையதோ வீட்டுச் சமையலறையிலா? எழுதியவர்களை மட்டும் வைத்துச் சித்தி வீதம் சொல்லும் பாடசாலை, விலகிப்போன பிள்ளைகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இங்கே எமது வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. 16 வயது வரை கல்வி கட்டாயம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். சின்னவனைப் பார்த்துக்கொள்ள மூத்தவளை வீட்டில் நிறுத்தாதீர்கள். அதற்குத்தான் பிள்ளைக்காம்பிரா இருக்கிறது. அது ஒழுங்காக நடக்காவிட்டால் அதற்கும் நாம் போராடுவோம்.

ஆசிரியர்களை எதிரிகளாக்க நாம் இதை எழுதவில்லை. அவர்களில் பலர் எமது லயத்தில் பிறந்த பிள்ளைகள். 2015 அளவில் ஆசிரியர் உதவியாளர் என்று நியமித்து, மாதம் 6,000 ரூபாவைக் கையில் கொடுத்து மலையேற்றிய இளைஞர், யுவதிகளை நாம் மறக்கவில்லை. உழைப்பைச் சுரண்டுவது தேயிலை மலையில் மட்டும் நடக்கும் காரியமல்ல. பஸ் இல்லாத பாதையில் நடந்து வந்து ஐந்து பாடம் எடுக்கும் ஆசிரியரும் எம்மைப் போல ஒரு தொழிலாளிதான். கேள்வி அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு.

எமது கோரிக்கைகள் இவை:

1. பெற்றோர் கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமையில் அல்லது மாலைத் தராசு முடிந்த பின்னர் நடத்தப்பட வேண்டும்.

2. வேலை நாளில் நடந்தே ஆகவேண்டுமானால், தவணைக்கு ஒருமுறை, போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ தோட்ட நிருவாகம் முழுப்பேர் போட வேண்டும்.

3. ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் உண்டா, எத்தனை பாடவேளை நடந்தது என்ற விபரத்தைத் தவணை முடிவில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும். வெற்றிடங்களை வலயம் மூன்றாம் தவணைக்குள் நிரப்ப வேண்டும்.

4. பகலுணவு, தண்ணீர், மலசலகூடம் ஆகியவை இடைநிலைப் பிரிவுக்கும் உறுதி செய்யப்பட வேண்டும்.

5. தரம் 6 இல் சேர்ந்து இடைவிலகிய பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாகச் சொல்லப்பட வேண்டும்.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த வாரமே ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு கூட்டம் வையுங்கள். தேர்ச்சி அறிக்கைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடத்தில் விழுந்திருந்தால், குறை பிள்ளைகளிடம் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பாடத்தின் பெயரையும் வகுப்பையும் எழுதி, பெற்றோரின் ஒப்பத்தோடு அதிபருக்கு ஒரு பிரதி, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு பிரதி, எமது காரியாலயத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் வலயத்துக்குப் போவோம்.

கொழுந்து ஒரு கிலோ குறைந்தால் ஏன் குறைந்தது என்று எங்களிடம் கேட்கிறார்கள். பிள்ளையின் புள்ளி குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்கும் உரிமை எமக்கு இருக்கிறது. மூன்றாம் தவணை முடியுமுன் கேட்போம்.