ஏரிக்கரை வீடும் கடை முதலும்

தீபாவளி முடிந்த பிறகுதான் நமது வட்டாரத்து மளிகைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் ஆண்டுக் கணக்கு ஒரு தெளிவுக்கு வரும். பட்டாசு ஆலையில் போனஸ் கொடுத்திருப்பார்கள். பழைய பற்று ஓரளவு அடைபட்டிருக்கும். கல்லாவில் நாலு காசு நிற்கும். விஸ்வநத்தமானாலும் திருத்தங்கலானாலும் இதுதான் நிலை. அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளையிடமிருந்து போன் வருகிறது. "அப்பா, ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு ஃபிளாட் வந்திருக்கு. லிஃப்ட், பார்க், நீச்சல் குளம் எல்லாம் இருக்கு. பக்கத்திலேயே ஸ்கூல். நீங்க கொஞ்சம் கை கொடுத்தீங்கன்னா புக் பண்ணிடலாம்."

பிள்ளைகள் ஆசைப்படுவதில் தவறில்லை. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள். இன்று கட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கட்டியதை வாங்கத்தான் முடிகிறது. ஆனால் கடையில் ஒரு மூட்டை துவரம்பருப்பு இறக்குவதென்றால் கையில் அள்ளிப் பார்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து வாங்குகிற நாம், எண்பது லட்ச ரூபாய் வீட்டை வழவழப்பான நோட்டீஸைப் பார்த்து வாங்கலாமா? வியாபாரத்தில் நாம் கற்ற பாடத்தை வீடு வாங்கும்போதும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்முடையது வெயில் பூமி. வெயில் இருப்பதால்தான் பட்டாசுத் தொழிலே இங்கே வேர்விட்டது. தண்ணீர் என்றால் நமக்கு ஒரு ஏக்கம் உண்டு. 'ஏரிக்கரை' என்ற சொல்லே நம்மை மயக்கிவிடுகிறது. ஆனால் நமது ஊரில் கண்மாய்க்குள் ஒருவர் வீடு கட்டினால் ஊரே சிரிக்கும். பத்து வருஷம் வறண்டு கிடந்தாலும் பதினோராம் வருஷம் தண்ணீர் தன் இடத்துக்கு வந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவைத் தாம்பரம் தாண்டியதும் மறந்துவிடுகிறோம்.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் அங்கே வந்து தங்கி, பிறகு கடலுக்குப் போகும். குப்பையும் சாலையும் கட்டடமும் புகுந்து அந்த நிலம் பெரிதும் சுருங்கிவிட்டது. அதைச் சுற்றித்தான் வேளச்சேரி, பெரும்பாக்கம், பழைய மகாபலிபுரம் சாலை என்று அடுக்குமாடிகள் எழுந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் அப்பகுதி மக்களைப் படகில் வந்து மீட்க வேண்டியிருந்தது. மாடியில் இருந்தவர் வீட்டுக்குள் தண்ணீர் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் கீழே கார் மூழ்கி, கரண்ட் நின்று, லிஃப்ட் நின்று, பாலுக்கும் குடிதண்ணீருக்கும் வழியில்லாமல் போனால் எட்டாவது மாடி இருந்து என்ன பயன்?

2022இல் இந்தச் சதுப்பு நிலம் ராம்சார் என்னும் சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அந்த நிலத்தின் எல்லையும் அதன் பாதிப்பு மண்டலமும் ஆய்வு செய்து வரையறுக்கப்படும் வரை, அதிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இயற்கை ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டமும் குறுக்கே வரலாம் என்பதற்கு இதுவே சான்று.

சட்டம் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சியை அடுத்த மரடு சாட்சி. காயலைப் பார்த்தபடி நான்கு அடுக்குமாடித் திட்டங்கள். 2006இல் உள்ளூர்ப் பஞ்சாயத்தே அனுமதி கொடுத்திருந்தது. வாங்கியவர்கள் பத்திரம் பதிந்தார்கள், குடியேறினார்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிய கட்டடம் என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிமருந்து வைத்து அத்தனையும் சில நொடிகளில் தரைமட்டமாக்கப்பட்டன. உரிமையாளர்களுக்கு இடைக்கால நிவாரணமாக 25 லட்ச ரூபாய் வீதம் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் குடியிருந்த வீடு போனது போனதுதான். பஞ்சாயத்து அனுமதி கையில் இருந்தும் வீடு நிற்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, எடை. சாக்கோடு எடை போட்டு சரக்கு விலை வாங்கினால் நாம் விடுவோமா? வீட்டு வியாபாரத்தில் 'சூப்பர் பில்டப் ஏரியா' என்பது சாக்கோடு சேர்ந்த எடை. படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் அதில் அடக்கம். சுவருக்குள் நாம் புழங்கும் 'கார்ப்பெட் ஏரியா'தான் நிகர எடை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் அந்த நிகர அளவைத்தான் சொல்லி விற்கச் சொல்கிறது. ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். திட்டம் ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று எண்ணைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது, மண். கட்டடத்துக்கு வயதாகும், மனைக்குத்தான் மதிப்பு கூடும். நம் பெயருக்கு வரும் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மூலம். தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம் ஆகியவற்றோடு, கிராமத்து 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண் முன்பு என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். ஏரி, ஓடை, மேய்க்கால் என்று இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். ஊர்ப் பெயரும் பல சமயம் காட்டிக் கொடுக்கும். நமக்கு ஏந்தல், ஊருணி போல அங்கே தாங்கல் என்பதும் நீர்நிலைதான்.

நான்காவது, பருவம். சித்திரையில் காட்டும் வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் இருக்கும் காவலாளியையும் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரையும் விசாரித்தால், போன மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று சொல்லிவிடுவார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்?

இவ்வளவும் சரியாக இருந்தால் வாங்கலாம். ஆனால் யார் பணத்தில் வாங்குவது? இதுதான் பெரிய கேள்வி. உதாரணத்துக்கு, எண்பது லட்சத்து வீட்டுக்கு மாதம் இருபதாயிரம் வாடகை வந்தால் வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம்; அதாவது நூற்றுக்கு மூன்று. அதிலும் பராமரிப்புச் செலவும் வரியும் போக வேண்டும். கடையில் போட்ட ரூபாயோ வருஷத்தில் பல முறை சரக்காகிப் பணமாகித் திரும்பும். ஓடுகிற முதலை எடுத்துச் சுவரில் பூசினால், அவசரத்துக்குச் சுவரைச் சுரண்டி எடுக்க முடியாது.

நமது வட்டாரத்துக்கு இது மற்ற ஊர்களைவிட அதிகம் பொருந்தும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்ததை அடுத்து ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. அப்போது தொழிலாளர் வீடுகளில் அடுப்பு எரிந்ததில் மளிகைக் கடைப் பற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. கையில் முதல் இருந்த கடைக்காரர் வாடிக்கையாளரையும் காப்பாற்றினார், தன் கடையையும் காப்பாற்றினார். அப்படிப்பட்ட காலம் மறுபடி வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எனவே பிள்ளைகள் தங்கள் சம்பளத்தில், தங்கள் பெயரில், வங்கிக் கடனில் வாங்கட்டும். வங்கி வக்கீல் பார்த்தாலும் நாமும் ஒரு தனி வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுவோம். கடை லாபத்தில் ஒதுக்கியது இருந்தால் பெற்றவர்கள் என்ற முறையில் உதவலாம். ஆனால் சரக்கு முதலில் கை வைக்க வேண்டாம். கடையை அடமானம் வைக்கவே வேண்டாம். ஏரிக்கரை வீட்டில் பேரக்குழந்தைகள் விளையாடுவதைப் பார்க்கும் பாக்கியம் நம் எல்லோருக்கும் கிட்டட்டும். அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்துச் சென்னைக்கு அனுப்பியது இந்தக் கடைதான் என்பதை மட்டும் மறவாதிருப்போம்.