என்ன படிக்கலாம்? - ஆட்டுக்கொல்லியை விரட்டும் படிப்பு!

வியாழக்கிழமை என்றால் அய்யலூரில் ஆட்டுச் சந்தை. தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் கூட்டம் இன்னும் கூடும். ஆசையாய் வாங்கிப்போன ஆட்டுக்கு மறுநாளே காய்ச்சல், மூக்கு ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல் என்று வந்தால்? அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். ஒரு ஆட்டிலிருந்து பட்டி முழுக்கப் பரவும். நாலு ஆட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இது பேரிடி.

இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே தமிழ்நாட்டில்தான். 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூரில் செம்மறி ஆடுகளைத் தாக்கியது. மாடுகளைக் கொன்ற வெக்கை நோயும் இதுவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு வைரஸ்களும் நெருங்கிய சொந்தம். ஆய்வகத்தில் சோதித்துத்தான் பிரித்தறிய முடியும். அந்த அரசூர் வைரஸையே வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி தயாரித்தது.

இப்படிப்பட்ட வேலைக்கு ஆட்களை உருவாக்குவதுதான் கால்நடை நுண்ணுயிரியல் முதுநிலைப் படிப்பு. நோய் எதிர்ப்பாற்றல் பாடமும் இதில் அடங்கும். ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி முடித்தவர்கள், இரண்டு ஆண்டு எம்.வி.எஸ்சி படிக்கலாம். ரத்த மாதிரி எடுப்பது, எலிசா, பி.சி.ஆர் சோதனைகள், செல் வளர்ப்பு என்று பயிற்சி இருக்கும். ஒரு தலைப்பில் ஆய்வு செய்து ஆய்வேடும் கொடுக்க வேண்டும். அடுத்தது பிஹெச்.டி.

பி.வி.எஸ்சி-யில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட். ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிப்பது இப்போதைய உலக இலக்கு. ஊசி இருக்கிறது. ஆனால், நோய் எங்கே ஒளிந்திருக்கிறது, போட்ட ஊசி வேலை செய்கிறதா என்று ஊர் ஊராகப் பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். குட்டிக்கு நான்கு மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் கேட்டு ஊசி போட்டுவிடுங்கள். ஒரு ஊசி சுமார் மூன்று ஆண்டுகளுக்குக் காக்கும். இந்த நோய் மனிதர்களுக்குத் தொற்றாது என்பதால் பயம் வேண்டாம்!