மூன்று குண்டுகளின் சாட்சி போதாது

திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில், 2015 ஆம் ஆண்டு நடந்த 35 ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் துப்பாக்கி சுடும் தளம் அமைக்கப்பட்டது. அதன்பின் இங்கே அந்த விளையாட்டைக் கற்க விரும்பும் பிள்ளைகளில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. மகிழ்ச்சிதான். ஆனால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தோட்டா நல்ல தோட்டா?" என்பதாக இருக்கிறது. "நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்!

அமெரிக்கா போன்ற நாடுகளில் இதற்கென்றே ஒரு கைத்தொழில் வளர்ந்திருக்கிறது. சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை எடுத்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகித் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள். மருந்தின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம், நம் தட்டார் தராசில் போடும் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை நிறுக்கிறார்கள். மருந்து செய்யும் நிறுவனம் தரும் அட்டவணையில் குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் மூன்று அல்லது ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பார்கள். எந்த அளவில் துளைகள் நெருங்கி விழுகின்றனவோ அதுவே அந்தத் துப்பாக்கிக்கு உகந்த அளவு என்று முடிவு கட்டுவார்கள். மருந்து கூடினால் குறி கூடும் என்பதில்லை. அட்டவணையின் உச்ச அளவைத் தாண்டினால் துப்பாக்கியே வெடித்துவிடக்கூடும். வெயில் நாட்டில் இன்னும் கவனம் வேண்டும். மருந்து சூடானால் அழுத்தம் ஏறும்.

நம் நாட்டில் துப்பாக்கியும் தோட்டாவும் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை. இது வீட்டில் செய்து பார்க்கும் காரியம் அல்ல. நான் இதை இங்கே சொல்வதற்குக் காரணம், அந்தச் சோதனையில் ஒளிந்திருக்கும் ஒரு பிழை.

மூன்று குண்டுகள் நெருங்கி விழுவது தற்செயலாகவும் நடக்கும். ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே ஆள். இன்று மூன்று குண்டு ஒரே துளையில் போகும். நாளை அதே மூன்று இருமடங்கு அகலத்தில் சிதறும். எதுவும் மாறவில்லை, மூன்று என்ற எண்ணிக்கைதான் சிறியது. பத்துக் குண்டு சுட்டால் சிதறலின் அகலம், மூன்று குண்டில் கண்டதைப் போல் சராசரியாக ஒன்றரை மடங்கு இருக்கும். அதுதான் துப்பாக்கியின் உண்மையான குணம். மூன்று குண்டில் கண்ட "உகந்த அளவு" மறுவாரம் சுட்டுப் பார்த்தால் காணாமல் போவதும் இதனால்தான்.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஐம்பது மீட்டர் போட்டியில் சுடும் .22 தோட்டாவின் பிரைமர் அதன் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதைக் கையால் மீண்டும் நிரப்ப முடியாது. ஆகவே மருந்தின் அளவுக்குப் பதிலாக லாட் எண் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. குண்டு விநாடிக்கு 320 மீட்டர் வேகத்தில் போவதாகக் கொள்வோம். ஐம்பது மீட்டரைக் கடப்பதற்குள் அது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. வேகம் 10 மீட்டர் குறைந்தால் இன்னும் 7 அல்லது 8 மில்லிமீட்டர் இறங்கும். பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான்! பிள்ளையின் கை அசையாமல் இருந்தும் மதிப்பெண் போய்விடும். பத்து மீட்டர் ஏர் ரைபிளிலும் 4.49, 4.50 என்று பெல்லட்டின் தலையளவு பார்த்து வாங்குகிறார்கள். அங்கும் இதே கேள்விதான்.

ஒரு நாள் நல்ல மதிப்பெண் வந்தால் அந்தப் பெட்டியைக் கொண்டாடி விலையைப் பாராமல் வாங்குகிறோம். மறுநாள் குறைந்தால் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். பெட்டிக்குத் தந்த புகழும் பிள்ளைக்குத் தந்த ஏச்சும் இரண்டுமே ஆதாரமற்றவை. பணம் போனால் சம்பாதிக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தன்னம்பிக்கை போனால்?

இதற்குப் பாடம் கற்க வெளிநாடு போக வேண்டாம். தும்பா நம் பக்கத்திலேயே இருக்கிறது. ராக்கெட்டும் ஒரு வகையில் மருந்தின் கணக்குத்தான். ஒவ்வொரு கலவையிலும் மாதிரி எடுத்து எரித்துப் பார்த்து, அது முன்னதைப் போலவே எரிகிறதா என்று உறுதி செய்வது அந்தத் துறையின் வழக்கம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1967 நவம்பர் 20 அன்று ரோகிணி-75 என்னும் நம் சொந்தச் சிறு ராக்கெட் பறந்தது. அதே வரிசையில் வந்த ரோகிணி-200, வானிலை ஆய்வுக்காக 70 கிலோமீட்டர் வரை ஏறக்கூடியது. 2022 நவம்பர் 23 அன்று அது தொடர்ச்சியாக 200 ஆவது முறை வெற்றி கண்டது. இடையில், 2020 செப்டம்பரில், அதன் எரிபொருளின் வகையே மாற்றப்பட்டது. அப்படியும் வரிசை அறுபடவில்லை. ஒரு முறை உயரப் பறந்தது பெருமை என்றால், இருநூறு முறை பிசகாமல் பறந்தது அறிவு.

தும்பாவில் வேலை கிடைத்து நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இங்கு குடிவந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர்கள் சங்கத்துக் கூட்டங்களுக்கு வந்து பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். பொன்னாடை போர்த்துவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் என்ன? சராசரி என்றால் என்ன, சிதறல் என்றால் என்ன, எத்தனை முறை செய்தால் ஒரு சோதனையை நம்பலாம் என்பதைத் தமிழில் சொல்லித் தரட்டும். சுடப் போகாத பிள்ளைக்கும் அது பயன்படும்.

துப்பாக்கி பிடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு லாட்டைப் பற்றி முடிவு செய்யுமுன் குறைந்தது முப்பது குண்டாவது ஒரே தாங்கியில் வைத்துச் சுடச் சொல்லுங்கள். நாள், வெயில், லாட் எண், ஒவ்வொரு குண்டும் விழுந்த இடம் எல்லாவற்றையும் பிள்ளையே ஒரு நோட்டில் எழுதட்டும். நல்ல லாட் என்று தெரிந்தால், போட்டிக் காலத்துக்கு வேண்டிய அளவை அதே எண்ணில் கிளப் மூலமாகக் கேட்டு வாங்குங்கள். நோட்டில் முப்பது வரி நிரம்பும் வரை பெட்டியையும் புகழ வேண்டாம், பிள்ளையையும் ஏச வேண்டாம்.