உப்புக்கு நடுவே ஓர் ஊற்று

இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில், கடலுக்குள்ளேயே ஒரு கிணறு உண்டு. சுற்றிலும் உப்புநீர், கிணற்றில் ஊறுவதோ நன்னீர். சீதையின் தாகம் தீர்க்க இராமன் வில்லை ஊன்றிய இடமென்று சொல்லி, அதனை வில்லூன்றித் தீர்த்தம் என்பர். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியிலும், எஞ்சி வாழும் மீனவக் குடும்பத்தார் கரைமணலைத் தோண்டி, ஊறிவரும் நன்னீரை மொண்டு குடம் நிறைக்கின்றனர்.

ஆறு ஒன்றும் இல்லாத தீவில் இந்நீர் எங்கிருந்து வருகிறது? எல்லாம் மழை தந்ததே. மணலில் சுவறிய மழைநீர், தன்னினும் கனமான கடல்நீரின்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீரே இருக்கும் என்பது அறிவியலார் கணக்கு.

இக்கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. மேலே 1 அடி குறைந்தால், கீழிருந்து உப்புநீர் நாளடைவில் 40 அடி ஏறிவிடும். மணலில் ஊற்றுத் தோண்டுவோர் மேல்நீரை மட்டும் மொள்கின்றனர். மீண்டும் ஊறும்வரை பொறுத்திருக்கின்றனர். ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு அப்பொறுமை இல்லை. அது ஓரிடத்திலேயே உறிஞ்ச, அடியிலுள்ள உப்புநீர் கூம்புபோல் மேலெழுகிறது. ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் தேறுவதில்லை.

கடற்கரைக் குடும்பங்களே! உங்கள் கிணறும் அண்டை வீட்டார் கிணறும் ஒரே படலத்து நீரையே பருகுகின்றன. மணல்மேடுகளைக் காப்போம், கூரைநீரைக் கடலுக்கு விடாது மணலில் இறக்குவோம், ஊறும் அளவே எடுப்போம்.