பொலிஸ் அறிக்கை கேட்கிறார்கள்: செலவும் பழியும் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்கு இறங்குவது வழக்கம். முன்பு தெரிந்தவர் ஒருவரின் வாய்ச்சொல் போதும். இப்போது புடவைக் கடையில் துணி மடிக்கவும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்று வேண்டும், பொலிஸ் அறிக்கை வேண்டும். நான் ஓய்வுபெற்ற வாத்தியார் என்பதால் படிவம் நிரப்ப என்னிடம் வருகிறார்கள். பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஆளைத் தெரியாமல் யாரும் கல்லாச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். விசாரிக்கட்டும். ஆனால் யாரிடம் விசாரிக்கிறார்கள், என்ன பதில் கிடைத்தது என்பதெல்லாம் சம்பந்தப்பட்ட பிள்ளைக்கு மட்டும் தெரிவதில்லை.

என் பழைய மாணவன் ஒருவனை ஒரு நிறுவனம் நேர்முகத்தில் தெரிவு செய்து, திகதியும் சொல்லிவிட்டது. பிறகு தொலைபேசியில், “ரிப்போர்ட் சரியில்லை, வர வேண்டாம்.” என்ன ரிப்போர்ட் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவன் மேல் எந்த வழக்கும் கிடையாது. அதே பெயரில் மேல் லயத்தில் இருப்பவர் மேல் ஓர் அடிதடி வழக்கு உண்டு. தோட்டத்தில் லயத்துக்கு இலக்கம் இருந்தால் பெரிய விடயம். ஒரு டிவிஷன் முழுவதற்கும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. இரண்டு பேரையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்களா, வேறு ஏதுமா? தாளைக் காட்டினால்தானே பிழையைத் திருத்த முடியும்!

வழக்கு இருந்தால்தான் என்ன? 2021இல் சாமிமலை ஓல்டன் தோட்டத்தில் சம்பளப் போராட்டத்தை ஒட்டி 38 தொழிலாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். பலர் மேல் பொலிஸ் வழக்கும் விழுந்தது. அப்படிப்பட்ட ஒருவர் நாளை கொழும்பில் காவலாளி வேலை கேட்டால், அறிக்கையில் ‘வழக்கு நிலுவையில்’ என்ற ஒரு வரியே அவரைத் திருப்பி அனுப்பிவிடும். குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் சுத்தவாளி என்று அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை சொல்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகத்தான் போட முடியும். தனியார் முதலாளியை அது தொடாது.

செலவைப் பாருங்கள். கிராம உத்தியோகத்தர் வாரத்தில் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம், அதன்பின் பொலிஸ் நிலையம். பெண்பிள்ளை என்றால் அம்மாவும் கூடப் போவார்; போகும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். தன் அடிப்படை நாட்சம்பளத்திலிருந்து, கொழும்பு முதலாளிக்குத் தேவையான தாளுக்குக் கொழுந்து பறிக்கும் அம்மா செலவழிக்கிறார். மூன்று மாதத்துக்கு முந்தியது செல்லாது என்று அடுத்த கடைக்காரர் சொன்னால், திரும்பவும் முதலிலிருந்து. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூலப் பிரதிகளை வாங்கி லாச்சியில் வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அடையாள அட்டை கையில் இல்லாததால் யுத்த காலத்தில் எங்கள் பிள்ளைகள் பட்ட பாடு இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

ஒரு தாளில் பிழைப்புத் தொங்குவது மலையகத்துக்குப் பழகிய கதை. கங்காணியின் கடனை அடைத்தால் இத்தனை ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ முறையை ஒழிக்க 1921இல் 43ஆம் இலக்கச் சட்டம் வேண்டியிருந்தது. அதன் பிறகும், வேலையிலிருந்து விலக்கும் ‘பற்றுச்சீட்டு’ என்ற சொல்லைக் கேட்டாலே லயம் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது.

விசாரணை ஒரு பக்கமாகவே நடப்பதும் உறுத்துகிறது. 2021இல் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கிருந்து, தீக்காயங்களுடன் இறந்தாள். யார் பொறுப்பு என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் பிள்ளையை அனுப்புமுன் அந்த வீட்டைப் பற்றி எந்தப் பெற்றோரால் அறிக்கை எடுக்க முடியும்?

சட்டம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் குற்ற வழக்கு விபரங்களை விசேடமாகப் பாதுகாக்க வேண்டிய தரவாகச் சொல்கிறது. தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பார்க்கவும் பிழையைத் திருத்தவும் உரிமை தருகிறது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன; பிற்போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் விசாரணை நிறுவனம் மூலம் அறிக்கை எடுக்கும் முதலாளி முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அதை வைத்து ஆளை மறுப்பதற்கு முன் பிரதியைக் கையில் கொடுக்க வேண்டும். அவர்களின் அடிப்படைச் சட்டம் 1970இலேயே வந்தது.

தொழில் திணைக்களம் இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சான்று கேட்பவரே செலவை ஏற்க வேண்டும், மூலப் பிரதிகளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அறிக்கையின் பெயரால் மறுத்தால் பிரதி தர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையாவது முதலாளிமாருக்கு அனுப்பலாம். சந்தா தோட்டத்தில் அறவிடுவதாலோ என்னவோ, எங்கள் தொழிற்சங்கங்களின் குரல் கொழும்புப் பாதையில் ரொசெல்லையைத் தாண்டி இறங்குவதில்லை. மலையக எம்.பி.மாரில் ஒருவராவது, அந்தப் பிற்போட்ட பகுதிகள் எந்தத் திகதியில் நடைமுறைக்கு வரும் என்று பாராளுமன்றத்தில் வாய்மூலக் கேள்வியாகக் கேட்டு, கிடைக்கும் பதிலை உங்கள் பத்திரிகைக்கும் அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
நோர்வூட்.