பூத்துப்போன ஜாடி

சென்ற கோடையில் நமது இல்லத்து மாவடு ஜாடி பூத்துப்போயிற்று. உப்பு நீரின்மேல் வெள்ளை ஆடை படர்ந்திருந்தது. யாரோ ஈரக் கரண்டியை இட்டிருக்க வேண்டுமென்று நாம் தீர்ப்பளித்தோம். இல்லத்தரசி மறுமொழி கூறாமல் ஆடையை வழித்தெறிந்தாள். நான்காம் நாள் மறுபடியும் பூத்தது. அப்போதுதான், வகுப்பில் நாம் ஆண்டுதோறும் போதிக்கும் லூயி பாஸ்டரின் நினைவு நமக்கு வந்தது.

பிரெஞ்சு தேசத்தின் கிழக்கே, ஜூரா பிரதேசத்தில் ஆர்புவா என்றொரு சிற்றூர் உண்டு. பாஸ்டர் வளர்ந்த ஊர் அது. திராட்சை மதுவுக்குப் பேர் போனது. மதுவின்மேல் படரும் வெள்ளை ஆடையை அத்தேசத்தாரும் 'மதுவின் பூ' என்றே வழங்குகின்றனர் என்பது வியப்பல்லவா? மது கெடுவதன் காரணத்தை ஆராயுமாறு 1863-ல் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். கெடுதல் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர் காரணம் என்று அவர் கண்டறிந்து, 1866-ல் நூலாக வெளியிட்டார். மதுவைக் கொதிக்கவிடாமல் ஐம்பது, அறுபது டிகிரி அளவில் சூடாக்கினால் அது கெடாது என்றும் காட்டினார். இன்று நம் வீட்டுக்கு வரும் பாலையும் காப்பது அந்த முறையே.

வீட்டில் மது ஆக்கும் அந்நாட்டார் ஆடையைக் கண்டதும் முதலில் அதன் இனத்தை அறிவர். வறண்ட வெண்தூள் போல் படர்ந்து, அசைத்தால் செதில் செதிலாக உடைவது ஒருவகை ஈஸ்ட். ஆரம்பத்திலேயே கண்டால் மது பிழைக்கும். ஆடையைக் கலக்காமல் அடியிலிருந்து குழாய் வழியே மதுவை இறக்கி, சிறிய பாத்திரத்தில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடிவிடுவர். காடி நாற்றம் எழுந்துவிட்டாலோ மருந்தில்லை. காடியாகவே பயன்படுத்த வேண்டியதுதான். அதை நல்ல மதுவோடு கலந்தால் இரண்டும் கெடும். பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் மயிர் போல் முளைத்திருந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

இவ்விரண்டு நுண்ணுயிர்களுக்கும் உயிர்நாடி காற்றே. பாத்திரம் குறையக் குறைய மேலே காற்று நிறைகிறது, ஆடை படர்கிறது. ஆடையை வழிப்பதால் காற்று போய்விடுமா?

ஆனால் ஆடை யாவும் பகையன்று. அதே ஆர்புவாப் பக்கத்தில் 'மஞ்சள் மது' என்ற ஒன்றைப் பீப்பாயில் வேண்டுமென்றே குறையவிட்டு, ஆடை படரச் செய்து, ஆறு ஆண்டுகளுக்கு மேல் காக்கின்றனர். அங்கே படர்வது வேறோர் ஈஸ்ட். அது திரைபோல் நின்று மதுவைக் காடியாகாமல் காக்கிறது. ஆகவே, ஆடையைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறுவது அவசரமே.

நமது ஜாடிக்கு வருவோம். தயிர்ச் சோற்றுக்கு நாள்தோறும் மாவடுவை எடுத்து ஜாடியைப் பாதியாக்கியவர் யார்? நாமே! மிஞ்சிய வடுக்கள் நீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. கொதித்து ஆறிய உப்பு நீரில் அவை முழுதும் மூழ்கும்படி சிறு ஜாடிக்கு மாற்றினோம், பிறகு பூக்கவில்லை.

நமது தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இல்லத்தரசியிடம் தெரிவித்தோம். "இதைத் தெரிந்துகொள்ளப் பிரான்ஸ் தேசம் வரை போக வேண்டுமா? முதல் நாளே என்னைக் கேட்டிருக்கலாமே!" என்றாள்.