சிரிக்க முதல் ஒரு நிமிசம்

மெஸ்ஸர்ஸ்மித் கொம்பனியின்ர மூண்டு சில்லுக் குட்டிக் காரைப் படத்தில கண்டா நாங்கள் சிரிச்சிடுவம். விமானத்தின்ர மூக்கை வெட்டி றோட்டில விட்ட மாதிரி: முன்னுக்கு ஓராள், பின்னுக்கு ஓராள், மேல கண்ணாடி மூடி. போரில தோத்த ஜேர்மனிக்கு விமானம் செய்யத் தடை, அதால விமானக் கொம்பனி கார் செய்தது எண்டு கதை சொல்லுவினம். அது பாதிக் கதைதான்.

மிச்சக் கதை ஃபிரிட்ஸ் ஃபெண்ட் என்ற பொறியியலாளருடையது. போரில் ஊனமுற்றவர்களுக்காக 1948இல் ரோசன்ஹைம் நகரில் அவர் 'ஃபெண்ட் ஃபிளிட்சர்' என்ற மூன்று சில்லு வண்டியைச் செய்யத் தொடங்கினார். ஓராள் மட்டும் இருக்கலாம். முதல் வண்டிக்கு எஞ்சினே இல்லை, உடல் பலத்தில்தான் ஓடியது. பிறகுதான் சின்ன எஞ்சின் பூட்டினார். 1951 வரை சில நூறு வண்டிகள்தான் வெளிவந்தன.

ஆனால், நல்லா நடக்கக்கூடிய ஆக்களும் அதைக் கேட்டு வந்தார்கள். கார் வாங்க வசதியில்லாத காலம் அது. ஃபெண்ட் அதையே இரண்டு பேருக்கான வண்டியாக மாற்றி, மெஸ்ஸர்ஸ்மித்தின் ரேகன்ஸ்பூர்க் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். 1953இல் கேஆர்175, 1955இல் கேஆர்200. பத்தாயிரக்கணக்கில் விற்றன. பெயர் கொம்பனிக்குப் போனது. முதல் வண்டி ஆருக்காகச் செய்யப்பட்டது எண்டதை எல்லாரும் மறந்திட்டினம்.

ஒரு கட்டடத்துக்குச் சாய்தளம் கேட்டால், "எத்தினை பேர் பாவிக்கப் போயினம்?" எண்டு கேக்கிறவை இருக்கினம். சிலருக்காகச் செய்தது எல்லாருக்கும் உதவும் எண்டதுக்கு ஃபிளிட்சரை விட வேற சாட்சி வேணுமா? உதவாமல் விட்டாலும் என்ன, அந்தச் சிலருக்கு அது வேணும். எங்களுக்கு அந்த ஒரு காரணமே போதும்.